மாண்டவர் மீண்ட கதை



கொலையும் துப்பறிதலும் நிறைந்த நாவல்களைப் பற்றிப் பேசப் பாடசாலை அதிபர் ஒருவருக்கு என்ன அலுவல் என உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஒரு நாவல் வரிசையை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடாது வாசித்துக்கொண்டே அதன் ஆசிரியருடன் ஓயாது பிணங்கும் வாசகர் கூட்டம் ஒன்று உண்டு. அப்பிணக்கு, கதை என்றால் என்ன என்னும் வினாவையே தொட்டு நிற்பது. அதனாலேயே அதனை இன்று எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்க எழுத்தாளராகிய பற்றீசியா கோண்வெல் அம்மையார், முதலிற் பத்திரிகையொன்றிற் குற்றச் செய்திகளை எழுதியவர். பின்னர் வேர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரிலுள்ள தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்திற் பல ஆண்டுகள் பணியாற்றினார். பிரேத பரிசோதனை நடைபெறும் அவ்விடத்தை நேரிற் கண்ட அனுபவமே, பதிப்பகத்தார் பலர் மறுத்தபின் 1990ஆம் ஆண்டில் 'போஸ்ட்மோர்ட்டம்' என்னும் நாவலாக வெளிவந்தது. அதன் தலைவி வைத்தியர் கே ஸ்காப்பெற்றா. நம் நாட்டில் நாம் சட்ட வைத்திய அதிகாரி என வழங்கும் பதவியை ஒத்தது அவருடைய பதவி.

தொடக்க நூல்களை வாசகர் ஏன் அத்துணை விரும்பினர்? துப்பாக்கியேந்தி ஓடும் வீரரை அவர்கள் அங்கே காணவில்லை. பொறுமையாக வேலை செய்யும் ஒருவரைக் கண்டனர். இறந்தவர் உடலில் ஒட்டியிருந்த மினுமினுக்கும் துகள் லேசர் ஒளியிற் புலப்படுகிறது. அது யாது, எங்கிருந்து வந்தது என ஒவ்வோர் அடியாக ஆராய்கின்றார். பேச இயலாதவருக்காகப் பேசும் கடமை தமக்குண்டு என்பது அவர் நெஞ்சில் உறைந்த எண்ணம். வீடு திரும்பினால் இத்தாலிய உணவு சமைப்பார். இச்சமையலுக்காகவே நூலை விரும்புவோரும் உளர். ஆசிரியரும் பின்னர் சமையல் நூலே வெளியிட்டுவிட்டார்! கூடவே மரினோ என்னும் முரட்டுத் துப்பறிவாளர், முதல் நாவலிற் பத்து வயதுச் சிறுமியாக வரும் மருமகள் லூசி, தலைவியின் அன்புக்குரிய பென்ரன் வெஸ்லி. இந்நால்வரும் வாசகருக்கு உறவினர் போலாயினர்.

பிணக்கு இங்கேதான் தொடங்குகின்றது. 1998இல் வெளிவந்த 'பொயின்ற் ஒவ் ஒறிஜின்' நாவலிற் பென்ரன் கொல்லப்படுகின்றார். அடுத்த இரு நூல்களிலும் தலைவி துயருறுகின்றார். வாசகரும் உடன் துயருற்றனர். 2003இல் வந்த 'புளோ ஃபிளை' நாவலிலோ, அவர் இறக்கவேயில்லை, மறைந்து வாழ்ந்தார் என்று ஆசிரியர் எழுதிவிட்டார். அழுத கண்ணீருக்கு என்ன கணக்கு என்று கேட்ட வாசகர் பலர். விரும்பிய பாத்திரம் மீண்டது போதும் என்று மகிழ்ந்தவரும் இல்லாமலில்லை.

கொனன் டொயிலும் இவ்வாறு செய்யவில்லையா என்று சிலர் வாதிப்பர். 1893இல் அருவியில் வீழ்த்திய ஷேர்லொக் ஹோம்ஸை 1903இல் அவர் மீட்டு வந்தது உண்மையே. ஆயினும் ஹோம்ஸின் உடலை எவரும் கண்டதில்லை. அக்கதவு திறந்தே கிடந்தது. உடல் பொய் சொல்லாது என்பதையே அடித்தளமாகக் கொண்ட ஸ்காப்பெற்றா வரிசையில், மரணம் ஒன்றே பொய்யாகிப்போனால், ஏனைய பரிசோதனைகளை வாசகர் எவ்வாறு நம்புவர்? குறைகூறிய வாசகர் பக்கமே நியாயம் உண்டென்பது என் துணிபு.

இன்னொரு குறையும் அதே நாவலைப் பற்றியதே. அதுவரை 'நான்' எனத் தன்மையிற் சொல்லிவந்த கதை அங்கே படர்க்கைக்கு மாறிற்று. இலக்கண மாற்றந்தானே எனத் தள்ளிவிட முடியாது. ஸ்காப்பெற்றாவின் உள்ளத்துள் இருந்து பார்த்த வாசகர் திடீரெனத் தெருவில் நிறுத்தப்பட்டனர். 2010இல் 'போர்ட் மோர்ச்சுவறி' நாவலில் ஆசிரியர் தன்மைக்கே மீண்டார். அதற்குள் விலகிப்போன சிலர் திரும்பவேயில்லை. கொலைஞர் எல்லோரும் தலைவியையும் அவர் குடும்பத்தையுமே குறிவைப்பது சலிப்பூட்டுகிறது, ஆய்வுகூடம் பின்தள்ளப்பட்டுவிட்டது என்பன பிற்கால நூல்களைப் பற்றிய முறைப்பாடுகள். இவற்றில் முதலாவது மிகையன்று. இரண்டாவது எல்லா நூல்களுக்கும் பொருந்தாது.

இத்தனை குறை சொல்வோர் ஏன் அடுத்த நூலையும் வாங்குகின்றனர்? உறவினரோடு மனத்தாங்கல் உண்டென்பதற்காக அவர் வீட்டு நன்மை தீமைகளுக்குப் போகாமல் இருக்கின்றோமா? 2016க்குப் பின் ஐந்தாண்டு இடைவெளிவிட்டு, இருபத்தைந்தாவது நாவலாகிய 'ஓட்டொப்சி' 2021இல் வெளிவந்தது. அதில் ஸ்காப்பெற்றா தம் பழைய பதவிக்கே வேர்ஜீனியாவுக்குத் திரும்புகின்றார். தொடக்க நூல்களின் அன்பர்களுக்கு அது ஊர் திரும்பியது போலிருந்தது. பென்ரனும் அங்கே கணவராக உடனிருக்கின்றார். அவர் வரும் பக்கங்களைச் சற்று விரைந்தே புரட்டும் வாசகர் சிலர் உளர். அடியேனும் அவர்களுள் ஒருவன்.