நாக்கில் ஒரு கட்டி

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வெற்றிலை வட்டா இல்லாத வீடு குறைவு. புகையிலை சேர்த்து வெற்றிலை போடுகிறவருக்கு நாக்கில் சின்ன முடிச்சுக் கண்டாலே மனம் புற்றுநோயைத்தான் நினைக்கும். பயம் நியாயமானது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய்தான்.

ஆனால் நாக்கில் அபூர்வமாக வேறொரு கட்டியும் வரும். துகள்கலக் கட்டி என்று சொல்லலாம், பெரும்பாலும் ஆபத்தில்லாதது. மேலோட்டமாகச் சுரண்டி எடுத்துப் பார்த்தால் மட்டும் புற்றுநோய் போலவே தோன்றி ஏமாற்றிவிடும்.

இது எங்கே பிறந்தது என்பதுதான் சுவையான கதை. 1926இல் ரஷ்ய வைத்தியர் அப்ரிகோசொவ், தசைக் கலத்தில் பிறந்தது என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாக்கு முழுக்கத் தசை. சாதாரண நுணுக்குக்காட்டியில் கலத்துக்குள் மணல் தூவியதுபோலத் துகள்கள் தெரியும், அவ்வளவுதான். 1931இல் ஜெர்மனியில் ருஸ்காவும் க்னொலும் ஒளிக்குப் பதிலாக இலத்திரன் கற்றையைப் பயன்படுத்தும் நுணுக்குக்காட்டியை உருவாக்கினார்கள். 1960களில் இக்கட்டியை அதில் வைத்துப் பார்த்தபோது தசைநாரையே காணோம்! துகள்களெல்லாம் கழிவைச் செரிக்கும் லைசோசோம்கள். கலமோ, நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் கலத்தின் சாயல்.

இன்று எஸ்-100 என்ற புரதத்தைக் காட்டும் சாயமே அந்த விடையைத் தந்துவிடும். அதற்கும் சதைத்துண்டு வேண்டுமே! இரண்டு கிழமை கடந்தும் மாறாத புண்ணோ கட்டியோ வாயில் இருந்தால், போதனா வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள்.