நண்பன் வாழும்போதே நடக்கும் நடை



தமிழில் நட்பைப் பேசப் புகுந்தால் முன்னே வந்து நிற்பது ஒரு நெடுநடை. தன் புதல்வர்களோடு நேர்ந்த பகையால் வடக்கிருக்கத் துணிந்த கோப்பெருஞ்சோழன், முன்பின் கண்டறியாத பிசிராந்தையாருக்கும் தன்னருகே ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். வருவாரோ என ஐயுற்றோர் வியக்கும்படி, பாண்டிய நாட்டிலிருந்து அப்புலவர் வந்து சேர்ந்தார், தாமும் வடக்கிருந்தார். பழக்கமின்றியும் உணர்ச்சியொன்றே நட்பாகும் என்பதற்குப் பரிமேலழகர் இவ்விருவரையே சான்றாகக் காட்டினார்.

அது நண்பனோடு இறப்பதற்காக நடந்த நடை. நண்பன் வாழும்போதே, அவன் நோயை உலகறியச் செய்வதற்காக ஒருவர் மேற்கொண்ட பயணம் இந்நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. ராப் பர்ரோ, கெவின் சின்ஃபீல்டு இருவரும் லீட்ஸ் நகரின் ரக்பி அணியில் பல்லாண்டு சேர்ந்து ஆடியவர்கள். 2019 டிசம்பரில், தமது 37ஆம் வயதில், பர்ரோவுக்கு இயக்க நரம்பணு நோய் இருப்பது தெரியவந்தது. தசைகளுக்கு ஆணையிடும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாய் அழியும் நோய் அது. கை ஓயும், கால் ஓயும், நா ஓயும். முடிவில் மூச்சும் ஓயும். முற்றிலும் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை.

பர்ரோ அணிந்த சட்டையின் எண் 7. அதனை முன்னிட்டுச் சின்ஃபீல்டு 2020 டிசம்பரில் ஏழு நாளில் ஏழு மராத்தான் ஓடினார். நாளொன்றுக்கு 42 கிலோமீட்டருக்கு மேல். திரட்ட எண்ணியது 77,777 பவுண்டு. திரண்டதோ பத்து இலட்சத்தைக் கடந்தது. 2023 மே மாதம் லீட்ஸ் மராத்தானில் நண்பரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடி, எல்லைக்கோட்டருகே அவரை இரு கைகளில் ஏந்திக் கடந்தார். 2024 ஜூன் 2ஆம் நாள் பர்ரோ மறைந்தார். அவர் பெயரிலான சிகிச்சை மையத்தின் கட்டுமானப் பணி, குறித்தபடியே மறுநாள் தொடங்கியது.

கவிஞர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. பேச்சை இழந்த பின்னும் பர்ரோ 2022இல் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்குக் கதை படித்தார். கண்ணசைவால் அவர் எழுத்துகளைத் தேர, முன்னரே பதிந்துவைத்த அவர் குரலில் கணினி பேசியது. சொல் போனவரிடமும் சொல்ல வேண்டியது போய்விடவில்லை.

இந்நாட்டில் நரம்பு அறுவை மருத்துவம் தோன்றிய கதையில் தமிழகத்துக்கு முதலிடம் உண்டு. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தியும் அதனைத் தொடங்கினர். இன்று பக்கவாதம் கண்டவரை நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்த்தால், தக்கவர்க்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து அளிக்க இயலும். அதன்பின் வருவதே நெடுவழி. இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் மாதக் கணக்கில், சிலர்க்கு ஆண்டுக் கணக்கில் வேண்டும். செலவு ஒரு புறம். தனிமை மறு புறம். பொருள் நெஞ்சில் நிற்க, சொல் நாவில் வாராத நிலை ஒரு கவிஞனுக்கு நேர்ந்தால், அவன் துன்பத்தை அளப்பவர் யார்?

நெய்வேலிக்கு இது அயலார் செய்தியன்று. நிறுவனக் குடியிருப்பில் வாழ்வோர் பணி ஓய்வு பெற்றதும் வீட்டை ஒப்படைத்துவிட்டு வேறூர் செல்கின்றனர். பக்கவாதம் பெரிதும் வருவதும் முதுமையை ஒட்டியே. நேற்று வரை கவியரங்கில் அமர்ந்தவர் கடலூரிலோ விருத்தாசலத்திலோ கட்டிலில் கிடப்பார். அவர் நோயுற்ற செய்தி வாராது, மறைந்த செய்தி மட்டும் வரும். உடனே இரங்கற்பா எழும். கையறுநிலை பாடுவதில் தமிழுக்கு நிகரில்லை. ஆனால் கை அற்றுப் போகுமுன் கை கொடுக்கும் துறை ஒன்றும் வேண்டுமன்றோ?

நிழல்மரச் சாலைகள் இந்நகருக்கு வாய்த்த செல்வம். ஆண்டுக்கு ஒரு காலை, நோயுற்ற நண்பர் ஒருவர் பெயரால் வட்டந்தோறும் இவ்விலக்கிய வட்டம் நடக்கலாம். திரளும் தொகை அவர் பயிற்சிச் செலவுக்கு உதவும். நடை முடிந்ததும் அவர் இருக்கும் ஊருக்கே சென்று, அவர் எழுதிய கவிதையை அவர் கேட்கப் படிக்கலாம். மறுமொழி கூற அவருக்கு நெடுநேரம் ஆகலாம், காத்திருப்பதும் நட்பே.

பிசிராந்தையாருக்கெனச் சோழன் இடம் வைத்திருந்தான். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டமும், வர இயலாத உறுப்பினர்க்கு ஓர் இருக்கை வைத்திருக்கட்டும். வட்டம் வளர்க!