பறந்து பார்க்காத பாராசூட்



1922-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி. அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரம். அந்த ஊரையொட்டி மெக்குக் ஃபீல்ட் என்று ஒரு ராணுவ விமானத்தளம் இருந்தது. புது விமானங்களை ஓட்டிப் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று சொல்வது அங்கே இருந்த விமானிகளின் வேலை. அன்றைக்கு லெப்டினன்ட் ஹெரால்ட் ஹாரிஸ் ஒரு லோனிங் விமானத்தை எடுத்துக்கொண்டு மேலே போனார். இன்னொரு விமானத்தோடு போலிச் சண்டை. நடுவில் அவருடைய விமானம் உதற ஆரம்பித்தது. விமானத்தைத் திருப்பும் கோல் கைப்பிடிக்கு அடங்காமல் இரண்டு தொடைகளையும் மாறி மாறி அடித்தது. இறக்கை பிய்ந்தது. ஹாரிஸ் வெளியே வந்து விழுந்தார்.

உடம்பில் பாராசூட் கட்டியிருந்தார். அதைத் திறக்க ஒரு வளையத்தை இழுக்க வேண்டும். இழுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தார், அப்போதும் இல்லை. அவர் இழுத்துக்கொண்டிருந்தது தொடையைச் சுற்றிப் போகும் வாரின் கொக்கியை! சரியான வளையம் கைக்கு அகப்படுவதற்குள் ஏறக்குறைய 2,000 அடி கீழே வந்துவிட்டார். அதற்கப்புறம் பாராசூட் விரிந்து, ஒரு வீட்டுக் கொல்லையில் திராட்சைப் பந்தல்மேல் போய் இறங்கினார். கையால் இழுத்துத் திறக்கும் பாராசூட்டால் உயிர் பிழைத்த முதல் அமெரிக்க ராணுவ விமானி அவர்தான். இப்படிப் பிழைத்தவர்களுக்கென்றே ‘கேட்டர்பில்லர் கிளப்’ என்று ஒரு சங்கம் இதையொட்டிப் பிறந்தது. பாராசூட்டைப் பட்டில் தைத்த காலம் அது. அதனால் உறுப்பினருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னத் தங்கப் புழு.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் திராட்சைப் பந்தலைச் சொல்லிச் சிரிப்பார்கள், தங்கப் புழுவைச் சொல்லி வியப்பார்கள். என் மனம் அந்தக் கொக்கியிலேயே நின்றுவிடுகிறது. ஹாரிஸ் தேர்ந்த சோதனை விமானி. சாகப்போகிறோம் என்று தெரிந்தும் பதறாமல் விமானத்தைவிட்டு வெளியே வந்தவர். அவருடைய கைக்கே அந்த வளையம் இருக்கும் இடம் பழகவில்லை.

இன்றைக்கு விளையாட்டாக வானத்திலிருந்து குதிக்கிறவர்கள் முதுகில் இரண்டு பாராசூட்டோடு போகிறார்கள். ஒன்று மெயின். தினமும் அதில்தான் இறங்குவார்கள், இறங்கியதும் தாங்களே மடித்து வைப்பார்கள், அதன் குணம் முழுக்கத் தெரியும். இன்னொன்று ரிசர்வ். மெயின் சிக்கிக்கொண்டால், கிழிந்தால், திறக்காமலே போனால் அப்போது இதுதான் கதி. இதைக் குதிக்கிறவர் மடிக்க முடியாது. ரிக்கர் எனப்படும், இதற்கென்றே உரிமம் பெற்றவர் மடித்து, நூல் கட்டி, தன் ஈய முத்திரையைக் குத்திக் கொடுப்பார். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து மறுபடி மடிக்க வேண்டும். 2008 வரை அது 120 நாளாக இருந்தது. ஆக, ரிசர்வ் சொந்தக்காரர் அதை வாங்கிய அன்று பார்த்திருப்பார், மடிக்கும் மேசையில் எப்போதாவது பார்த்திருப்பார். தலைக்குமேல் விரிந்து பார்த்திருக்க மாட்டார். ஆயிரம் தடவை குதித்தால் ஒருமுறை ரிசர்வ் தேவைப்படும் என்று அந்த வட்டாரத்தில் பேச்சுவாக்கில் சொல்வதுண்டு. பல நூறு முறை குதித்தவர்கூடத் தன் ரிசர்வைப் பறக்கவிட்டிருக்க மாட்டார்.

காரின் ஸ்டெப்னியையும் நாம் மாதக்கணக்கில் தொட்டுப் பார்ப்பதில்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் ஸ்டெப்னியை மாட்டும்போது கார் நிற்கிறது. இங்கே மாற்றுகிற வேலை விழுந்துகொண்டிருக்கும்போது நடக்கிறது.

அந்த வேலை என்னவென்று சொல்கிறேன். மார்பின் வலப்பக்கம் ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் கெட்டுப்போன மெயின் தோளிலிருந்து கழன்று பறந்துவிடும். பில் பூத் எழுபதுகளில் கண்டுபிடித்த மூன்று வளைய ஏற்பாடு அதைச் செய்கிறது. ஒரு கனமான மனிதரின் எடை முழுவதையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த மூன்று வளையங்கள் தாங்கும், மெல்லிய கம்பிவடம் ஒன்று உருவப்பட்டதும் மூன்றும் விட்டுக்கொடுக்கும். இடப்பக்கம் இன்னொரு கைப்பிடி. அது ரிசர்வுக்கு. முதலில் வலம், பிறகு இடம். இந்த முடிவை எந்த உயரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்க பாராசூட் சங்கம் வரையறுத்திருக்கிறது: பயிலும் மாணவர்களும் புதியவர்களும் 2,500 அடிக்குக் கீழே வருமுன், அனுபவப்பட்டவர்கள் 1,800 அடிக்குக் கீழே வருமுன். முழு வேகத்தில் விழுகிற ஆளுக்கு 1,800 அடி என்பது சுமார் பத்து விநாடி.

ஆள் மயங்கிவிட்டால்? அதற்கும் ஒரு கருவி உண்டு. 1991-இல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் என்ற பெட்டி. ஏறக்குறைய 750 அடி உயரத்துக்கு வந்த பிறகும் ஆள் விநாடிக்கு 35 மீட்டருக்குமேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வை மூடி வைத்திருக்கும் நாடாவை அது தானே அறுத்துவிடும். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய பெட்டிதான். ஆனால் அறுப்பதோடு அதன் வேலை தீர்ந்தது. அதற்குப் பிறகு தலைக்குமேல் விரிந்திருக்கும் துணியை ஓட்டி, தரையில் இறங்க வேண்டியவர் நீங்கள். தொல்லையே அங்கேதான் இருக்கிறது.

மெயினும் ரிசர்வும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் நீள்சதுரமாக, அறை அறையாகத் தைத்து, முன்பக்கம் காற்று புகுந்து இறக்கையாகப் புடைக்கிற வகை. கையில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். இந்தக் கால மெயின்கள் பெரும்பாலும் காற்றே புகாத பூச்சுத் துணியில் தைத்தவை, வழவழவென்று இருக்கும். ரிசர்வ்கள் இன்னும் பெரும்பாலும் எஃப்-111 என்ற பழைய நைலான். சிறியதாக மடியும், நம்பிக்கையாகத் திறக்கும், காற்றைக் கொஞ்சம் கசியவிடும். பெரும்பாலும் ஏழு அறைதான். மெயின் சற்று நிதானமாக விரியும்படி செய்தது. ரிசர்வோ படாரென்று விரிய வேண்டும், உயரம் மிச்சமில்லாதபோது திறக்கிறது அல்லவா!

தரைக்கு அருகில் வந்ததும் குதிக்கிறவர் இரண்டு கைப்பிடிகளையும் கீழே இழுத்து வேகத்தைக் கொன்று இறங்குவார். ஃப்ளேர் என்பார்கள். பழகின மெயினில் கை தோளுக்கு வரும்போதே துணி தூக்கிப் பிடிக்கும். ரிசர்வில் அந்த உயரத்தில் ஒன்றும் நடக்காது. இடுப்புவரை ஆழமாக, முழுசாக இழுத்தால்தான் தூக்கும். மெயினில் ஐந்நூறு முறை இறங்கிய கை என்ன செய்யும்? பழக்கப்படி பாதியில் நிறுத்தும். கணுக்கால் முறியும். கூடவே, ரிசர்வில் இறங்கும் நாளில் மைதானத்தின் நடுவே இறங்குகிற பாக்கியமும் பல சமயம் கிடைக்காது. தாழ்ந்த உயரம், தெரியாத வயல், எதிரே வேலி, மின்கம்பி, மரம். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு புது பாராசூட்டின் குணத்தையும் அப்போதுதான் கற்றுக்கொள்வது என்றால் அது என்ன கணக்கு?

இந்தச் சிக்கல் இன்னும் முரட்டுத்தனமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அறுபதுகளில் டாமினா ஜால்பர்ட் என்ற பட்டம் செய்கிறவர் இந்த இறக்கை வடிவ பாராசூட்டைக் கண்டுபிடித்தார். எழுபதுகளில் குதிக்கிறவர்கள் வட்ட பாராசூட்டை விட்டுச் சதுரத்துக்கு மாறினார்கள். ஆனால் மாறியது மெயின் மட்டும். ரிசர்வ் பல வருஷம் வட்டமாகவே இருந்தது. பாரா-ஃப்ளைட் நிறுவனத்தின் சேஃப்டி ஃப்ளையர் போன்ற சதுர ரிசர்வ்கள் வந்து, அவற்றின்மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை பிறக்கும்வரை அப்படித்தான். இதனால் ஒரு விசித்திரத் தலைமுறை உருவானது. சதுரத்திலேயே பழகி, நினைத்த இடத்தில் மெத்தென்று நின்று இறங்கத் தெரிந்தவர்கள். அவர்களுடைய கடைசிப் புகலிடமோ, காற்று போன பக்கம் போய், நேராகக் கீழே இறக்கிவிடும் வட்டக் குடை. அதில் நின்று இறங்க முடியாது. பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கத் தசை என்று வரிசையாகத் தரையில் கொடுத்து உருள வேண்டும். ராணுவத்தில் வாரக்கணக்காகப் பழக்குகிற வித்தை அது. பழகாதவர் நின்று இறங்கப் பார்த்தால் காலைக் கொடுக்க வேண்டியதுதான்.

ரிசர்வே கொடுக்காமல் குதிக்கவிட்டவர்களும் உண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாராசூட் வீரர்களுக்கு ஒரே பாராசூட்தான். அதே போரில் அமெரிக்க வீரர்கள் வயிற்றில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள்.

சரி, ரிசர்வை முன்கூட்டியே பறக்கவிட்டுப் பார்த்துவிட்டால் என்ன? மேலே போய் மெயினைத் தொடாமல் ரிசர்வை இழுத்துவிடலாமே என்று கேட்டால், கூடவே கூடாது. அந்த நிமிடத்தில் அது ரிசர்வே இல்லை, ஒரே பாராசூட். அது கெட்டால் அடுத்து எதுவும் கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. மெயின் விரிந்த பிறகும் அதைச் சுற்றியிருந்த பையும் முன்னால் இழுத்துப் போகும் குட்டி பாராசூட்டும் அதனோடு ஒட்டியே இருக்கும். ரிசர்வில் அவை இரண்டும் கழன்று தனியே போய்விடும், எதிலும் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக. வயலில் விழுந்தால் தேடி எடுக்க வேண்டும், கிடைக்காவிட்டால் காசு போனது. இதே காரணத்தால் உங்கள் ரிசர்வை எடுத்து மெயின் இடத்தில் மாட்டிக் குதிக்கவும் முடியாது. பையை இணைக்க அதில் இடமே கிடையாது, தைத்துச் சேர்த்தால் அது சான்று பெற்ற ரிசர்வாக இருக்காது.

அதனால்தான் சில தயாரிப்பாளர்கள் டெமோ ரிசர்வ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதே துணி, அதே வெட்டு, அதே அளவு, மெயின் போல மாட்டும்படி மட்டும் தைத்தது. அதை முதுகுப் பையின் மெயின் அறையில் மடித்து வைத்துக்கொண்டு மேலே போகலாம். உங்கள் உண்மையான ரிசர்வ் முத்திரை கலையாமல் தன் இடத்தில் இருக்கும். மெயினைக் கழற்றிவிடும் அனுபவமும் வேண்டும் என்கிற துணிச்சல்காரர்களுக்கு மூன்று பாராசூட் கட்டிய தனிச் சாதனம் இருக்கிறது. ஒன்றை வேண்டுமென்றே விரித்துக் கழற்றிவிட்டு, இன்னொன்றில் இறங்குவார்கள். அதற்கு முறையான ஆள்துணை வேண்டும். எல்லோரும் செய்தாக வேண்டியது அது என்று நான் சொல்லமாட்டேன்.

டெமோவை நிச்சயம் சொல்வேன். வழக்கத்தைவிட உயரத்திலேயே திறந்துகொண்டு, தரையை மறந்துவிட்டு, மேலேயே பரிசோதிக்கலாம். இரண்டு கையையும் எவ்வளவு இழுத்தால் துணி சரிந்து நின்றுபோகிறது? ஒரு கையை இழுத்தால் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது? கைப்பிடி அறுந்துபோனால் பின்பக்க வாரை மட்டும் பிடித்துத் திருப்ப முடிகிறதா? ஃப்ளேர் எங்கே பிடிக்கிறது? நாலைந்து கேள்விதான். பதில் தெரிந்த பிறகு சிலர் தங்கள் ரிசர்வைப் பெரிதாக மாற்றிக்கொள்கிறார்கள். சின்ன ரிசர்வ் வாங்கினால் முதுகுப் பை கச்சிதமாக இருக்கும் என்பதற்காக வாங்கியிருப்பார்கள். ஆனால் மயங்கிய ஆளை சைப்ரஸ் பெட்டி ரிசர்வில் இறக்கும் நாளில் ஃப்ளேர் செய்ய யாரும் இருக்கமாட்டார்கள், துணியின் பரப்புதான் எலும்பைக் காக்கும்.

“நல்ல துணியை ஏன் பறக்கவிட்டுத் தேய்க்கிறாய்?” என்று ஆட்சேபிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எஃப்-111 பயன்படுத்தப் பயன்படுத்தக் காற்றைக் கூடுதலாகக் கசியவிடும். பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் நிறுவனம் தன் ரிசர்வை 25 முறை பயன்படுத்திய பிறகோ 40 முறை மடித்த பிறகோ பரிசோதனைக்குத் திருப்பி அனுப்பச் சொல்கிறது. ஆனால் டெமோ தயாரிப்பாளருடையது, தேய்வதும் தயாரிப்பாளருடையது. அமெரிக்கக் கடற்படையில் லேக்ஹர்ஸ்ட் பள்ளியில் பாராசூட் மடிக்கப் படித்தவர்கள் தாங்கள் மடித்ததிலேயே குதித்துக் காட்டித்தான் தேர்ச்சி பெற்றார்கள். அங்கே துணி தேய்கிறதென்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

காசு செலவே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. ரிசர்வை மறுபடி மடிக்க ரிக்கரிடம் கொடுக்கும் நாளில், அதை முதுகில் மாட்டிக்கொண்டு தரையில் நின்றே, மேலே செய்வதுபோல வலம், இடம் என்று இழுத்துப் பாருங்கள். எப்படியும் அவர் பிரிக்கப்போகிறார். ரிசர்வ் கைப்பிடியை இழுக்க 22 பவுண்டுக்குமேல், அதாவது பத்து கிலோவுக்குமேல் விசை தேவைப்படக்கூடாது என்பது விதி. காகிதத்தில் பத்து கிலோ சின்ன எண். முதல்முறை இழுக்கிறவர்கள் ஒரு கையால் முடியாமல் இரண்டு கையையும் கொண்டுவருவதுண்டு. கனமான ஜாக்கெட்டுக்கு அடியில் கைப்பிடி ஒளிந்துகொள்வதையும் அங்கேதான் கண்டுபிடிக்கிறார்கள்.

நெருக்கடியில் ரிசர்வால் பிழைத்து இறங்கியவர், அதை மடித்த ரிக்கருக்கு ஒரு பாட்டில் நல்ல மது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது குதிக்கிறவர்களிடையே எழுதாத சட்டம். டெமோவில் இறங்கியவருக்கு அந்தக் கடன் கிடையாது. மெயின் அறையில் இருந்ததை மடித்தவர் அவரேதான்!