கண்ணகி நகரில் பத்து நாட்கள்
(ஜூபிலி விழாவில் மாணவர் மன்றத்தின் சார்பில் ஆற்றிய உரை)



கோடை விடுமுறையில் 10 நாட்கள் கண்ணகி நகரில் தங்கிச் சேவை புரிந்து வந்தோம். அது தானாக வளர்ந்த ஊர் அன்று. 2000-ஆம் ஆண்டு முதல், கூவம் கரையிலும் பிற இடங்களிலும் குடிசை இழந்தவர்களை அரசு குடியேற்றிய இடம். வீடு கிடைத்தது, வேலை பழைய பேட்டையிலேயே நின்றுவிட்டது. அன்று நடந்து போய்ப் பாத்திரம் தேய்த்த தாய்மார் இன்று விடியுமுன் பஸ் ஏறுகிறார்கள்.

மாலைப் பள்ளி நடத்தினோம். பிள்ளைகள் ஆர்வமாகவே வந்தார்கள். இரண்டாம் நாள் ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, எம் பையன் பன்னெண்டாவது முடிச்சிட்டான். ஊர் பேரைச் சொன்னா வேலை இல்லேங்கறாங்க. அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

எங்கள் ஜெபப் புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. அன்று முதல் பகலெல்லாம் வீடு வீடாகச் சென்று விண்ணப்பங்கள் எழுதினோம். 'முகவரி' என்ற இடம் வந்ததும் தயங்கிய இளைஞர்கள் எத்தனை பேர்! சிலர் உறவினர் வீட்டு முகவரியைப் போடச் சொன்னார்கள். 2020-இல் அங்கே சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள், பார்க்க அழகுதான்.

நம் பங்கில் கடையும் பட்டறையும் நடத்துவோர் பலர் உண்டு. தையல், வயரிங், லாரி ஓட்டுதல் தெரிந்த 17 பேரின் பெயர்கள் எங்களிடம் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் கெபி அருகே நிற்போம்.