நட்சத்திர மீனில் மருந்து உண்டா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரையில் கடல்நீர் நன்றாக வற்றும் நாட்களில், முதுகில் முடிச்சு முடிச்சாக எழும்பிய நட்சத்திர மீன்களைக் காண முடியும். பெயரில்தான் மீன். செதிலும் இல்லை, செவுளும் இல்லை. மூளையோ இரத்தமோ கிடையாது. கை ஒன்று அறுந்தால் புதிதாக வளர்த்துக் கொள்ளும். உலகக் கடல்களில் ஏறத்தாழ 1,900 வகைகள் உள்ளன.

ஓடி ஒளிய முடியாத இந்த உயிர் தன்னைக் காத்துக் கொள்ளும் வழிகளில் ஒன்று, அதன் உடலிலுள்ள சப்போனின் என்னும் நச்சுப்பொருள். பூந்திக்கொட்டையைத் தண்ணீரில் தேய்த்தால் நுரை வருகிறதல்லவா? அந்த நுரைக்கும் சப்போனின்தான் காரணம். அதே இனத்தைச் சேர்ந்த, ஆனால் அமைப்பில் வேறுபட்ட பொருள்கள் நட்சத்திர மீனில் உள்ளன.

ஆய்வுக்கூடங்களின் கவனம் இவற்றின்மீது திரும்பியதற்குக் காரணம் உண்டு. கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்ட புற்றுநோய் உயிரணுக்களின்மேல் இவற்றை ஊற்றினால் அவை சாகின்றன. உடனே "நட்சத்திர மீன் புற்றுநோயைத் தீர்க்கும்" என்று செய்தி பரவி விடுகிறது. செய்தியைப் பரப்புவோர் அடுத்த வரியைப் படிப்பதில்லை. இவற்றில் பல, இரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கக் கூடியவை.

காரணம் எளிது. நம் உயிரணு ஒவ்வொன்றின் சவ்விலும் கொலஸ்ட்ரால் இருக்கிறது. சப்போனின் அதைப் பற்றிக்கொண்டு சவ்வில் ஓட்டை போடுகிறது. நோயுற்ற அணு, நல்ல அணு என்ற பாகுபாடு அதற்குத் தெரியாது. அப்படியானால் நட்சத்திர மீன் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? அதன் சவ்வில் கொலஸ்ட்ராலுக்குப் பதில் வேறு வகை ஸ்டெரால் மிகுந்திருக்கிறது. விஷம் வைத்திருப்பவன் பூட்டை மாற்றி வைத்திருக்கிறான்!

மலேசிய நேயர்களுக்கு லங்காவியின் காமாட் எண்ணெய் நன்கு பழக்கமானது. காமாட் எனப்படும் கடல் அட்டை, நட்சத்திர மீனுக்கு உறவுமுறை. அதிலும் சப்போனின் உண்டு. 1952ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர் ரோஸ் நிக்ரெல்லி, கடல் அட்டையின் நஞ்சு எலிகளின் கட்டியைக் கட்டுப்படுத்துவதாக எழுதினார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கடல் அட்டை, நட்சத்திர மீன் இரண்டின் சப்போனினிலிருந்தும் அங்கீகாரம் பெற்ற புற்றுநோய் மருந்து ஒன்றுகூட வரவில்லை.

கடலிலிருந்து மருந்தே வராது என்பதல்ல இதன் பொருள். ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றில் 1980களின் நடுவில் ஹாலிகோன்ட்ரின் என்ற பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து கிடைத்தது 12.5 மில்லிகிராம்தான். கடலைச் சுரண்டினாலும் நோயாளிகளுக்குப் போதாது. 1992இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் யோஷிதோ கிஷி குழுவினர் அதைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டினர். பிறகு அதன் ஒரு பகுதியை மட்டும் வைத்துச் செய்யப்பட்டதே எரிபுலின். முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு 2010இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. கால் நூற்றாண்டு உழைப்பு. அதையும் மருத்துவர்தான் அளவு பார்த்து, இரத்தப் பரிசோதனை செய்து, நரம்பு ஊசியாகப் போடுகிறார். பொடியாக்கித் தேநீரில் கலக்குவதில்லை.

நட்சத்திர மீனிடம் வேறொரு நம்பிக்கையும் பிறந்தது. கடலில் எதை வைத்தாலும் பாசியும் கொட்டலசும் ஒட்டிக் கொள்ளும். அதன் தோலில் ஒட்டுவதில்லை. ஸ்காட்லாந்தின் ஓபன் நகரத்து ஆய்வாளர்கள், முள் நட்சத்திர மீனின் வழவழப்பான சளியை ஆராய்ந்தனர். ஆஸ்துமா, மூட்டு அழற்சி போன்றவற்றில் வெள்ளணுக்கள் அளவுக்கு மீறி இரத்தக்குழாயின் சுவரில் ஒட்டுகின்றன. அந்த ஒட்டுதலைக் குறைக்க இச்சளி வழிகாட்டுமா என்பதே அவர்களின் கேள்வி. கொல்லும் பொருளைவிட ஒட்டாமல் தடுக்கும் பொருளைத் தேடுவது அறிவுடைய பாதையாகவே தோன்றுகிறது.

ஆனால் கட்டி என்று தெரிந்த ஒருவர் கடல் மருந்துப் புட்டியை நம்பி மூன்று மாதம் காத்திருந்தால், அந்த மூன்று மாதத்தில் கட்டி காத்திருக்காது. புட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதையும் எடுத்துச் சென்று காட்டலாம். சிகிச்சையில் இருப்பவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும்.