இரவலும் கடனும்: ஒரு கணினி ஆவணத்திற்கு உரை



தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்குச் சேனாவரையர் உரை எழுதினார். கணினி மொழிகளுக்கு எழுதப்படும் ஆவணமும் ஒருவகை உரையே. அதனாலேயே, கணினியியல் கல்லாத நாம் சிம்பாங் பூலாயில் இப்பொருள் குறித்துப் பேசத் துணிந்தோம்.

தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத உதவும் ‘எழில்’ மொழியை முத்து அண்ணாமலை பைத்தானின்மேல் கட்டினார். பைத்தானின் பெருவழக்கான வடிவமோ சி மொழியில் எழுதப்பட்டது. சி நிரல்களோடு அது உறவாடும் வாயிலே சி இடைமுகம். அங்கே ஒவ்வொரு பொருளையும் எத்தனை சுட்டுகள் பற்றியிருக்கின்றன என்று ஓர் எண்ணிக்கை வைக்கப்படும். அது சுழியமானால் பொருள் அழியும். எனவே ஒரு சார்பு தரும் சுட்டு நமக்கு உரியதா, பிறருடையதா என்பதை ஆவணம் சொல்லியாக வேண்டும். (சுட்டு என்றதும் அ, இ, உ நினைவுக்கு வருமாயின் நீங்கள் நம் மாணவர்.)

பிறருடையதை ஆங்கில ஆவணம் ‘பாரோட் ரெஃபரன்ஸ்’ என்கிறது. மாணவர் ஒருவருக்கு அதனைக் ‘கடன் சுட்டு’ எனப் பெயர்த்துக் கொடுத்தோம். கடனைத் திருப்ப வேண்டுமன்றோ? வேலை முடிந்ததும் அவர் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தார். பட்டியலில் இருந்த பொருள், பட்டியல் அறியாமலே அழிந்தது. சற்றுப் பொறுத்து, தொடர்பில்லாத வேறோர் இடத்தில் நிரல் முறிந்தது. பிழை அவருடையதன்று, நம்முடையது.

தமிழில் அரிசியும் பணமும் கடன். வாங்கியதைச் செலவிட்டு, ஒத்ததைத் தருவோம். நகையும் நூலும் இரவல், வாங்கியதையே தருவோம். ‘இரவல்’ என்று மாற்றினோம். அதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. இரவல் கொடுத்தவர் கையில் அப்பொருள் இராது. இங்கோ உரியவரிடமும் சுட்டு இருக்கிறது. பைத்தான் ஆவணமே தன் உருவகம் முற்றும் சரியன்று என ஓர் அடிக்குறிப்பில் ஒப்புக்கொள்கிறது. இடைச்சுவர் கூரையை எட்டாத தோட்ட லயங்களில், அடுத்த வீட்டு விளக்கொளியில் படித்தவர்கள் இங்கே இருக்கலாம். அதுவே நெருங்கிய உவமை. ஒளியைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அவர்கள் விளக்கை அணைத்தால் நமக்கும் இருள்.

ஆவணம் ஒருமுறை எழுதி முடிவதுமன்று. பட்டியலின் உறுப்பை எடுக்கும் பைலிஸ்ட்_கெட்ஐட்டம் இரவலே தருகிறது. 2024 அக்டோபரில் வெளிவந்த 3.13 பதிப்பில், உரிமையுள்ள சுட்டைத் தரும் பைலிஸ்ட்_கெட்ஐட்டம்ரெஃப் சேர்ந்தது. பல இழைகள் ஒருங்கே இயங்கும்போது இரவல் ஆபத்தாகலாம். எந்தச் சார்பு எதைத் தரும் என்பது ஒரு தனிக் கோப்பில் வரிவரியாகப் பதியப்படுகிறது. ஆவணப் பக்கங்களில் அக்குறிப்பு அதிலிருந்தே தோன்றுகிறது. அங்கே ஒரு வரி பிழைபட்டால், நம் மாணவருக்கு நேர்ந்தது பலருக்கும் நேரும்.

நம் குறிப்பேட்டில் ‘இரவல் சுட்டு’ என்பதன்கீழ் இப்போது இரண்டு வரிகள் உள்ளன: எண்ணிக்கையைக் குறைக்காதே; உரியவர் வைத்திருக்கும் வரையே பயன்படுத்து. மூன்றாவது வரியை அம்மாணவர் தாமே சேர்த்தார்: நெடுநேரம் வேண்டுமெனில், முதலில் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொள்.