பட்டாணியும் பயறும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

‘வீட்டுத் தோட்டத்தில் பட்டாணி’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். தோலுரிக்காமல் முழுக்காயாகவே உண்ணத்தக்க இனிப்புப் பட்டாணியைப் பலரும் விரும்புகின்றனர். அமெரிக்காவில் கால்வின் லாம்போர்ன் என்பார் உருவாக்கி, 1979-இல் வெளிவந்த வகை அது. சாலைக் கடைவீதியில் பட்டாணி கிடைக்கிறது. சாலையில் உள்ள நம் வீடுகளில் அது விளையுமா? விளைவது அரிது என்பதே என் விடை. பட்டாணி குளிரை நாடும் கொடி. வெப்பம் 30 பாகை செல்சியசை ஒட்டினால் பூ உதிரும். காய் பிடிப்பது குறையும். உதகையிலும் கொடைக்கானலிலும் செழிக்கும் அக்கொடி திருவனந்தபுரத்து நண்பகலில் வாடுவதில் வியப்பென்ன?

ஆயினும் நாம் ஏங்க வேண்டுவதில்லை. நம் தாய்மார் துவரனுக்கு நறுக்கும் பயத்தங்காயும் முழுக்காயாகவே உண்ணத்தக்கது, வெப்பத்தை விரும்புவது. 1955-இல் தொடங்கப்பெற்ற வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரி ‘வெள்ளாயணி ஜோதிகா’ என்னும் நல்ல வகையை அளித்துள்ளது.

“நிலம் ஏது?” என்பீர்கள். மொட்டைமாடியில் வெயில் உண்டு, அது போதும். மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய சாணம் ஆகியவற்றைச் சமமாகக் கலந்து பையில் நிரப்புங்கள். இவ்வூர்ச் செம்மண் புளிப்பு மிக்கது. ஆதலின் விதைப்பதற்கு இரு வாரம் முன்னரே சிறிது சுண்ணாம்பு சேருங்கள். பைக்கு இரண்டு விதை ஊன்றிக் கயிற்றிலே படரவிடுங்கள். ஏறத்தாழ 50 நாளில் காய் பறிக்கலாம். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தை ஈட்டித் தருகின்றன. யூரியாவை மிகுதியாக இட்டால் இலைதான் பெருகும்.

கருநிற அசுவினி இக்கொடியின் பெரும்பகை. ஒரு லிட்டர் நீரில் வேப்பெண்ணெய் 20 மில்லி லிட்டர், அரைத்து வடித்த பூண்டு 20 கிராம், சோப்பு 5 கிராம் கலந்து மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள்.

இதிலே வேறொரு செய்தியும் அடங்கியுள்ளது. பயத்தங்காயை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும்; தவறினால் முற்றிவிடும். விற்பனைக்குப் பயிரிடுவோர் நச்சு மருந்து தெளித்தபின், அதன் வீரியம் தணியும்வரை காத்திருப்பது எளிதன்று. காத்திராத காய் நம் குழந்தையின் இலையில் விழக்கூடும். நம் மாடியில் விளைந்ததைப்பற்றி அந்த ஐயம் நமக்கில்லை.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாசர் அமைத்த கடைவீதி இச்சாலை. இங்கே வாணிகம் செய்து வாழ்ந்தவர்களுள் தமிழர் பலர். விற்கவும் வாங்கவும் அறிந்த நாம் சிறிது விளைக்கவும் அறிவோமாக!

ஒவ்வோர் இல்லத்திலும் இரண்டு பைகள் வையுங்கள். நீர் ஊற்றும் பொறுப்பைச் சிறுவர்க்கு அளியுங்கள். நல்ல கொடியில் நான்கு காய்களை முற்றிக் காயவிட்டு விதை எடுங்கள். பயறு பெரும்பாலும் தன்மகரந்தத்தாலேயே காய்ப்பதால் தாய்க்கொடியின் இயல்பு மாறாது. அடுத்த ஆண்டு விழாவிற்கு வருகையில் ஆளுக்கு ஒரு பிடி விதை கொணர்ந்து, பயிரிடாத வீட்டாருக்கு வழங்குவோம்.